கால் பிழைக்கலாம், கை விடக்கூடாது

“இந்தக் காலத்துப் பெடியளுக்கு உதுகளில ஆர்வமில்லை.”

இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த ஒருவரும் எங்களில் இல்லை. கோயில் திருவிழாவிலும் சரி, கலாசாரப் பேரவைக் கூட்டத்திலும் சரி, கம்பஸ் கருத்தரங்கிலும் சரி, பாரம்பரியக் கலை பற்றிக் கதை வந்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். சொல்கிறவர் ஒரு பெருமூச்சு விடுவார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதே வசனம் ஸ்கொட்லாந்திலும் ஓடித் திரிகிறது. அங்கே அதைச் சொல்வது அந்த நாட்டின் பாரம்பரிய நடனங்களைப் பற்றி. நடன வகுப்புகளில் நரைத்த தலைகள்தான் அதிகம், இளையவர்கள் வருவது குறைவு, இப்படியே போனால் இன்னும் கொஞ்சக் காலத்தில் மண்டபங்களைப் பூட்டவேண்டியதுதான் என்ற கவலை அங்கே பழைய கவலை. கவலை நியாயமானது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பிழை என்பதுதான் எங்கள் வாதம். ஸ்கொட்லாந்தின் இளையவர்கள் ஆடாமல் இல்லை. எங்கே தங்களைப் பிழை பிடிக்காமல் சேர்த்துக்கொள்கிறார்களோ, அங்கே போய் ஆடுகிறார்கள்.

“ஸ்கொட்லாந்துக்காரன்ர ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கென்ன?” என்று கேட்பீர்கள். மலையகத்தின் தோட்டப் பெயர்களை ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். பால்மோரல், டன்சினன், ஸ்ட்ராத்ஸ்பே. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அவருக்கு முன்னும் பின்னும் வந்த துரைமார் பலரும் அப்படித்தான். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துக்கு வைத்த ஸ்ட்ராத்ஸ்பே என்பது அங்கே ஸ்பே ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கின் பெயர். அதே பெயரில் ஒரு தாளமும், அந்தத் தாளத்துக்கு மெதுவாக ஆடுகிற ஆட்டமும் இருக்கின்றன. எங்கட ஆட்கள் அந்தப் பெயரை நூறு வருசத்துக்கு மேலாக முகவரியில் எழுதி வருகிறார்கள். அதற்குள்ளே ஒரு ஆட்டம் இருப்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. சொந்த வீட்டுச் சண்டையை விட அடுத்த வீட்டுச் சண்டையில் யார் பிழை என்று பார்ப்பது லேசு.

எந்த ஆட்டம்?

‘ஸ்கொட்டிஷ் நடனம்’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல ஆட்டங்கள் இருக்கின்றன. முதலாவது கெய்லி நடனம். எங்கட ‘கேலி’ இல்லை. கேலிக் மொழியில் கெய்லி என்றால் வீட்டுக்கு வந்துபோவது, கூடியிருந்து கதைத்துப் பாடுவது. இன்று அந்தச் சொல் பிடிலும் அக்கோடியனும் வாசிக்க ஒரு மண்டபமே எழும்பி ஆடுகிற இரவையும் குறிக்கிறது. மைக்கில் ஒருவர் நின்று அடுத்தது என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒன்றும் தெரியாமல் போனாலும் ஆடலாம்.

இரண்டாவது கன்ட்ரி டான்ஸ். பெரும்பாலும் நாலு சோடிகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஆடுவது. பாதம் எப்படி விழவேண்டும், எத்தனையாவது தாளத்தில் எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் திட்டவட்டமாக இருக்கும். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் எழுத்தில் இருக்கின்றன. மூன்றாவது ஹைலண்ட் நடனம். தனியாக ஆடுகிற, போட்டிகளுக்குரிய, உடம்பை முறிக்கிற நடனம். நாலாவது ஸ்டெப் டான்ஸ். காலணியால் தரையில் தாளம் போடுவது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இளையவர்கள் எங்கே ஆடுகிறார்கள்? கலியாண வீடுகளில் ‘ஸ்ட்ரிப் த வில்லோ’ தொடங்கினால் யாரும் கதிரையில் இருப்பதில்லை. புதுவருசத்துக்குத் தெருவிலேயே கெய்லி நடக்கிறது. எடின்பரோ, கேம்பிரிட்ஜ் போன்ற பல்கலைக்கழகங்களில் ஸ்கொட்டிஷ் நடனத்துக்கென்றே மாணவர் கழகங்கள் இருக்கின்றன. 1951இல் தொடங்கிய பல்கலைக்கழகங்களுக்கிடையிலான நாட்டார் நடன விழா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நகரில் நடக்கிறது. நடத்துகிறவர்கள் மாணவர்களே. ஆக, ஆர்வமில்லை என்ற கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது. கேட்கவேண்டிய கேள்வி வேறு. கலியாண வீட்டில் வியர்க்க வியர்க்க ஆடின பிள்ளை, செவ்வாய்க்கிழமை இரவு வகுப்புக்கு ஏன் வருவதில்லை?

யாருடைய ஆட்டம்?

பாரம்பரியம் என்றால் பெரியவர்கள் வைத்திருந்து சின்னவர்களுக்குத் தருவது என்று எல்லாரும் நினைக்கிறோம். ஸ்கொட்லாந்தின் நடன வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

நாட்டின் மகாகவி ரொபர்ட் பேர்ன்ஸ் பதின்ம வயதில் கிராமத்து நடன வகுப்புக்குப் போனவர். தகப்பனுக்கு அந்தக் கூட்டங்களைக் கண்ணில் காட்டக்கூடாது. தகப்பன் விருப்பத்துக்கு எதிராகப் போனதை 1787இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். அதற்கும் முந்திய காலத்தில் ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவதைத் திருச்சபை பாவம் என்று கண்டித்தது. இன்று ‘எங்கள் மரபு’ என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும் இந்த ஆட்டம் ஒரு காலத்தில் பெடியளையும் பெட்டையளையும் கெடுக்கிற சங்கதி. அன்றைக்குப் பெரியவர்களின் சொல்லைக் கேட்டிருந்தால் இன்றைக்குக் காப்பாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

1923இல் கிளாஸ்கோவில் ஸ்கொட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சங்கம் தொடங்கியது. 1951இல் அதற்கு ‘ரோயல்’ பட்டம் கிடைத்தது. தொடங்கியவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் ஆசிரிய பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி படிப்பித்த ஜீன் மில்லிகன். மற்றவர் இசோபெல் ஸ்டூவர்ட். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜாஸ் இசையும் புது நடனங்களும் வந்து பழைய ஆட்டங்கள் அழிகின்றன என்ற பயம் இருவருக்கும் இருந்தது. ஆனால் ஸ்டூவர்ட்டுக்கு இந்த யோசனை முதலில் ஏன் வந்தது தெரியுமா? அவர் பெண் சாரணியர் இயக்கத்தில் பொறுப்பில் இருந்தவர். தன்னுடைய சாரணியப் பிள்ளைகள் ஆடுவதற்கு ஸ்கொட்லாந்து ஆட்டங்களின் புத்தகம் ஒன்று வேண்டும் என்று தேடினார். நூறு வருசத்துக்கு முன் இந்தச் சங்கம் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இன்றைக்கு அதே சங்கம் பிள்ளைகள் வருவதில்லை என்று கவலைப்படுகிறது.

மூன்றாவது கதைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. 1940 ஜூனில் பிரான்சின் சென் வலெரி கரையில் 51ஆவது ஹைலண்ட் படைப்பிரிவு ஜெர்மனியரிடம் சரணடைந்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் கைதிகள் ஆனார்கள். பவேரியாவில் லாவ்ஃபென் என்ற இடத்து முகாமில் அடைபட்டிருந்த அதிகாரிகள் பசியோடும் குளிரோடும் ஒரு புது ஆட்டத்தை உருவாக்கினார்கள். யோசனை லெப்டினன்ட் ஜிம்மி அட்கின்சனுடையது. ஆடுகிறவர்கள் நடுவில் கைகோத்து நிற்கும்போது ஸ்கொட்லாந்துக் கொடியில் இருக்கிற சாய்ந்த சிலுவை தரையில் தெரியும். அதுதான் ‘51ஆவது படைப்பிரிவின் ரீல்’. பெண்கள் இல்லாத முகாமில் ஆண்களே ஆண்களோடு ஆடினார்கள். போர் முடிய ரோயல் சங்கமே அதைத் தன் புத்தகத்தில் அச்சிட்டது. இன்று உலகம் முழுக்க ஆடப்படுகிறது.

மரபின் மிகப் பெருமையான ஆட்டங்களில் ஒன்று எவரும் கையளித்துவிட்டுப் போனது இல்லை. சிறைப்பட்ட மனிதர்கள் தங்களுக்குத் தேவைப்பட்டபோது செய்துகொண்டது. “புது ஆட்டமா? அனுமதி எங்கே?” என்று அந்த முகாமில் எவரும் கேட்கவில்லை.

சரியாக ஆடுவது என்ற நுழைவுச்சீட்டு

ரோயல் சங்கத்தைத் திட்டுவது எங்கள் நோக்கம் இல்லை. அவர்கள் தேடிப் பதிப்பித்திருக்காவிட்டால் பழைய கையெழுத்துப் பிரதிகளில் கிடந்த எத்தனையோ ஆட்டங்கள் அங்கேயே கிடந்து உக்கிப்போயிருக்கும். ஒரே மாதிரியாகப் படிப்பித்ததால்தான் டோக்கியோவில் பழகினவரும் ரொறன்ரோவில் பழகினவரும் முன்பின் தெரியாமலே ஒரே வரிசையில் நின்று ஆட முடிகிறது. இது சின்ன விசயம் இல்லை.

ஆனால் இந்த ஒழுங்குக்கு ஒரு விலை இருந்தது. ஃபிளெட் தம்பதியர் 1964இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்காக, முதல் உலகப் போருக்கு முன் ஆடின கிழவன் கிழவிகளைத் தேடிப்போய்க் கதைத்தார்கள். ஊருக்கு ஊர் ஆட்டம் வேறுபட்டிருந்ததை அவர்கள் பதிந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் படிப்பித்த நடன வாத்திமார் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வித்தியாசங்கள் புத்தகத்துக்கு வரும்போது ஒன்று ‘சரி’ ஆனது. மற்றதெல்லாம் ‘பிழை’ ஆனது. இதிலே சிரிப்பு என்னவென்றால், ‘சரி’யான ஆட்டத்தின் அடிப்படை அடவு ஒன்றுக்குப் பெயர் ‘பா த பாஸ்க்’. அது பிரெஞ்சு. இன்னொரு அசைவின் பெயர் ‘அலமாண்ட்’. அதற்குப் பொருள் ஜெர்மானியம் என்பது. சுத்தம் எங்கே இருக்கிறது?

சரியாக ஆடவேண்டும் என்ற ஆசை பிழை இல்லை. அதை வாசலில் வைப்பதுதான் பிழை. ஒரு கன்ட்ரி டான்ஸ் விருந்து என்றால் ஆடப்போகிற ஆட்டங்களின் பட்டியல் முன்கூட்டியே வந்துவிடும். வருகிறவர் அவற்றைப் படித்துக்கொண்டு வரவேண்டும். தரையில் கால் மாறினால் நாலு பக்கத்திலிருந்தும் கை காட்டுவார்கள், கண் காட்டுவார்கள். எல்லாம் அன்பினால்தான். ஆனால் முதல் நாள் வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த நாலு கண்ணும் எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். கெய்லியில் அதே பிள்ளை பிழை விட்டால் பக்கத்தில் நிற்பவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்து விடுவார். ஆட்டம் தொடரும். இரண்டு மண்டபத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அடுத்தது உடுப்பு. 1958 முதல் 1968 வரை பிபிசியில் ‘வைட் ஹெதர் கிளப்’ என்று ஒரு நிகழ்ச்சி போனது. ஆண்கள் கில்ட், பெண்கள் வெள்ளைச் சட்டையும் கட்டம்போட்ட சால்வையும். அந்தப் படம் ஸ்கொட்லாந்து ஆட்களின் தலைக்குள் அப்படியே உறைந்துவிட்டது. மரபு நடனம் என்றால் தாத்தா பாட்டியின் தொலைக்காட்சி. ஹைலண்ட் போட்டிகளிலோ கில்ட்டும் சட்டையும் காலுறையும் சேர்ந்து வசதியில்லாத வீட்டுப் பிள்ளையைத் தூர நிற்கச் செய்கிற செலவு. எங்கட அரங்கேற்றங்களின் செலவுக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்தது ஆண் பெண் வரிசை. ஸ்கொட்லாந்துப் பள்ளிக்கூடங்களில் நத்தார் விருந்துக்கு முன் உடற்கல்விப் பாடத்தில் இந்த ஆட்டங்களைப் பழக்குவது வழக்கம். நல்ல வழக்கம், கலியாண வீட்டில் எல்லாருக்கும் ஆடத் தெரிவதற்கு அதுதான் காரணம். ஆனால் பெடியளை ஒரு சுவரிலும் பெட்டையளை மறு சுவரிலும் நிறுத்தி “போய்ச் சோடி எடு” என்று சொல்லும்போது, கடைசிவரை எவரும் எடுக்காத பிள்ளைக்கு அந்த ஆட்டத்தின் முதல் ஞாபகம் அவமானம். இதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. முகாமில் ஆண்கள் இரண்டு பக்கமும் நின்று ஆடினார்கள். ஆண்கள் குறைவான வகுப்புகளில் பெண்கள் ஆண் பக்கத்தில் நின்று ஆடுவது சாதாரணம். அமெரிக்காவின் கொன்ட்ரா நடனத்தில் ‘ஆண்’, ‘பெண்’ என்று கூப்பிடுவதை விட்டு இரண்டு பறவைகளின் பெயரால் கூப்பிடுகிறார்கள் பலர். யாருக்கு எந்தப் பக்கம் பிடிக்குமோ அந்தப் பக்கம் நிற்கட்டும். ஆட்டம் உடைந்து விழாது.

எங்களை மயக்கத் தேவையில்லை

இங்கே இன்னொரு கூட்டத்தோடும் சண்டை பிடிக்கவேண்டும். இளையவர்களை இழுக்க என்று சொல்லி டிஜே பூட்டி, லைற் போட்டு, ரிக்ரொக்குக்கு முப்பது செக்கனில் வெட்டிக் கொடுப்பவர்கள். இவர்களும் எங்களை மதிக்கவில்லை. கஷ்டமான ஒன்றை எங்களால் கற்க ஏலாது என்று நினைக்கிறார்கள். ஹைலண்ட் நடனம் பழகும் பிள்ளைகள் வருசக் கணக்காகக் கால் வலிக்க வலிக்க ஒரே அடவைச் செய்கிறார்கள். மாணவர் கழகங்களில் மிகச் சிக்கலான ஆட்டங்களை விருப்பத்தோடு ஆடுகிறார்கள். கஷ்டம் எங்களைத் துரத்துவதில்லை. எங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றில் கஷ்டப்படச் சொல்வதுதான் துரத்துகிறது.

சொந்தமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்கொட்லாந்திலேயே சான்று இருக்கிறது. மேற்குத் தீவுகளில் ஒன்றான பாராவில் 1981இல் ‘ஃபேஷ்’ என்ற விழா தொடங்கியது. கேலிக் மொழியும் இசையும் பிள்ளைகளிடமிருந்து போகின்றன என்று பயந்த தீவு ஆட்கள் தாங்களே தொடங்கினார்கள். போட்டி வைக்காமல் பிள்ளைகளைக் கூட்டி, பாட்டும் பிடிலும் நடனமும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று அதுபோல் பல ஊர்களில் நடக்கிறது. அன்று பழகின பிள்ளைகளில் பலர் இன்று இசைக்கலைஞர்கள், ஆசிரியர்கள்.

ஸ்டெப் டான்ஸின் கதை இன்னும் தூரம் போய் வருகிறது. செம்மறி வளர்ப்பதற்காக ஹைலண்ட் குடியானவர்களை நிலச் சொந்தக்காரர்கள் காணியிலிருந்து எழுப்பிய காலத்தில், பலர் கனடாவின் கேப் பிரெட்டன் தீவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே குசினித் தரையில் பிடிலுக்குக் காலால் தாளம் போட்டுத் தலைமுறை தலைமுறையாக ஆடினார்கள். 1980கள், 90களில் அந்த ஆட்டம் ஸ்கொட்லாந்துக்குத் திரும்பி வந்தது. உடனே “இது உண்மையில் எங்களுடையதா?” என்று வாதம் கிளம்பியது. வாதம் நடந்துகொண்டிருக்க, இளையவர்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சொந்தக்காரர் இருக்கிற எங்களுக்கு இந்தக் கதை விளங்காமல் போகாது.

ஆகவே என்ன செய்யலாம்? முதல் நாள் வகுப்பு வேண்டாம்; வாத்தியமும் ஆட்டமும் மட்டும் போதும். போட்டிருக்கிற சப்பாத்தோடு வரட்டும். ஆட்டம் தொடங்க முன் ஒருக்கால் நடந்து காட்டுங்கள். தரையில் திருத்துகிற உரிமை சொல்லிக்கொடுப்பவர் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். கெய்லிக்கு வந்து கால் பிடித்துப்போன பிள்ளையைத் தேடிப்போய் வகுப்புக்குக் கூட்டி வாருங்கள்; தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். மாணவர்களுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் காசு குறையுங்கள். இளையவர்கள் உருவாக்கின ஆட்டம் ஒன்றை ஒவ்வொரு நிகழ்ச்சிப் பட்டியலிலும் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிர்வாகக் குழுவில் இடம் கொடுங்கள். ரோயல் சங்கம் இளையவர்களுக்கென்று ‘ஸ்பிரிங் ஃப்ளிங்’ என்ற வார இறுதி நிகழ்வு நடத்துகிறது. நல்லது. ஆனால் வார இறுதி என்பது விருந்தாளிக்குக் கொடுக்கிற அறை. மண்டபத் திறப்பும் காசுப் பெட்டியும் யாருடைய கையில் என்பதில்தான் வீடு யாருடையது என்று தெரியும்.

இந்த மண்டபங்களில் கதிரை அடுக்கி, தேத்தண்ணி ஊற்றி, ஆள் வராத குளிர்கால இரவுகளிலும் வகுப்பை நடத்தின முதியவர்களைத் துரத்தச் சொல்லவில்லை நாங்கள். அவர்கள் இல்லாவிட்டால் கதைக்க ஒன்றும் இல்லை. எழுபது வயது ஆளும் பத்தொன்பது வயது ஆளும் கைபிடித்து ஒரே வரிசையில் ஆடுகிற இடங்கள் இன்றைய உலகத்தில் எத்தனை? இளையவர் வராவிட்டால் நடனம் புத்தகத்திலும் வீடியோவிலும் மிஞ்சும். இப்படி வயது மறந்து கைபிடிக்கிற இடம் மிஞ்சாது. எங்களுக்கு அந்த இழப்புத்தான் பெரிசு.

கடைசியாக எங்கட முற்றத்துக்கு வருவோம். 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை எடுத்தபோது அதை ஆடியவர்கள் யார்? எங்களைப் போன்ற கலைப்பீடப் பெடியளும் பெட்டையளும். விடிய விடிய ஆடுகிறதைச் சில மணித்தியாலத்துக்குச் சுருக்கினார்கள். களரியை விட்டு மேடைக்குக் கொண்டுபோனார்கள். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் வாதாடுகிறோம், வாதாடத்தான் வேண்டும். ஆனால் அந்த மாணவர்களில் சிலர்தான் பிறகு கூத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தார்கள். பயிற்சியை முடித்துவிட்டு வா என்று வாசலில் நிறுத்தியிருந்தால் அது நடந்திருக்காது.

ஆகவே அடுத்த கூட்டத்தில் “பெடியளுக்கு ஆர்வமில்லை” என்று யாராவது தொடங்கினால் தலையாட்டாதீர்கள், தோழர்களே. எழும்பி ஒரு கேள்வி கேளுங்கள். போன வருசம் எத்தனை இளையவர்கள் உங்கட வாசலுக்கு வந்தார்கள், அவர்களிடம் நீங்கள் சொன்ன முதல் சொல் என்ன? “வா” என்றா, “பிழை” என்றா?